பாதி நினைவு எங்கே போயிற்று?

வீட்டில் ஒரு சாமான் காணாமல் போகிறது. உடனே யார் மீது சந்தேகம் வருகிறது?

பாத்திரம் துலக்க வரும் பெண் மீது. தண்ணீர் கேன் போட வரும் பையன் மீது. வெள்ளை அடிக்க வந்த ஆள் மீது.

"நாமே எங்கேயாவது வைத்து மறந்துவிட்டோமோ?" என்ற நினைப்பு கடைசியில்தான் வருகிறது. பல வீடுகளில், காணாமல் போன மோதிரம் அரிசிப் பானையிலேயே கிடக்கும். அதற்குள் ஓர் ஏழையின் மனம் புண்பட்டுப் போயிருக்கும்.

கம்ப்யூட்டர் விஷயத்திலும் இப்படி நடக்கிறது. என் வீட்டிலேயே நடந்தது. தவறு செய்தவன் நான். ஆகவே, மறைக்காமல் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கலாம். இதைப் படித்தால் உங்கள் பணம் மிஞ்சும். அதைவிட முக்கியம், ஒருவரைத் திருடன் என்று சொல்லும் பாவமும் உங்களுக்கு வராது.

நடந்தது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்த கதை இது.

என் மகள் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. ஓர் அலுவலகத்தில் கழித்துக்கட்டியது. கைமாறி என் வீட்டுக்கு வந்தது.

அது ஆமை வேகத்தில் ஓடியது. கணக்குப் பாடத்தைத் திறந்தால் கடிதம் நின்றுவிடும். கடிதத்தைத் திறந்தால் கணக்கு நின்றுவிடும். மகள் கண் கலங்கினாள்.

கடைக்காரரிடம் போனேன். "இதில் 4 ஜி.பி. ரேம் இருக்கிறது. இன்னொரு 4 போட்டால் 8 ஆகிவிடும். வேகமாக ஓடும், சார்" என்றார்.

"ரேம்" என்றால் என்ன? அதுதான் கம்ப்யூட்டரின் நினைவு. நீளவாக்கில் ஒரு சின்னப் பலகை. அதில் கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள் ஒட்டியிருக்கும்.

வீட்டில் அலமாரி இருக்கிறது. மேசையும் இருக்கிறது. புத்தகங்கள் எல்லாம் அலமாரியில் இருக்கும். படிக்கும்போது, வேண்டியதை மட்டும் எடுத்து மேசை மீது விரிக்கிறோம். கம்ப்யூட்டரில் அலமாரி வேறு. அது ஹார்டு டிஸ்க். மேசை வேறு; அதுதான் ரேம். மேசை பெரிதாக இருந்தால், நாலு புத்தகத்தை ஒன்றாக விரிக்கலாம். சின்ன மேசை என்றால், ஒன்றை மூடிவிட்டுத்தான் இன்னொன்றைத் திறக்க வேண்டும். என் வீட்டில் மேசை சின்னது. மகளின் கண்ணீருக்கு அதுவே காரணம்.

பணத்தைப் புரட்டினேன். அன்று மாலையே கடைப் பையன் வந்தான். 18 வயது இருக்கும். பெட்டியைத் திறந்தான். புது ரேமைச் செருகினான். மூடினான். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது.

"கரண்டு வந்ததும் போட்டுப் பாருங்க, சார்" என்றான். பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

கோபம் வந்தது

இரவு 8 மணிக்குக் கரண்டு வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டோம். அதே ஆமை! மகள் எதையோ திறந்து பார்த்தாள். "அப்பா, பயன்படுவது 3.46 ஜி.பி. என்று போட்டிருக்கிறது" என்றாள்.

நான் கணக்குப் போட்டேன். முன்பு இருந்தது 4. புதிதாகப் போட்டது 4. ஆக மொத்தம் 8 இருக்க வேண்டும். இருப்பதோ 3.46. இருந்ததையும்விடக் குறைந்துவிட்டதே!

என் மனம் என்ன சொல்லியது தெரியுமா? "அந்தப் பையன் உன் பழைய ரேமை உருவிக்கொண்டான். ஏதோ குப்பையைச் செருகிவிட்டுப் போய்விட்டான்."

மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னிலையில் கேட்டேன்: "ஏன் தம்பி, என் ரேமை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாயா?"

பையனின் முகம் சுண்டிப் போயிற்று. முதலாளி அவனை முறைத்தார். "உன்னை அப்புறம் பேசிக்கொள்கிறேன்" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? வேலை போகும் என்று அர்த்தம். அந்தப் பையனின் சம்பளத்தை நம்பி எத்தனை வயிறு இருந்ததோ? அதை நான் நினைக்கவே இல்லை.

பையன் அழவில்லை. எதிர்த்துப் பேசவும் இல்லை. "வாங்க சார், வீட்டில் வைத்தே பெட்டியைத் திறந்து காட்டுகிறேன்" என்றான்.

வந்தான். திறந்தான். 2 ரேமும் பத்திரமாக இருந்தன! என் பழைய ரேம் ஒன்று. அவன் போட்ட புது ரேம் ஒன்று.

பிறகு கம்ப்யூட்டரைப் போட்டான். திரையில் ஒரு வரியைக் காட்டினான். "சார், முழு வரியையும் படியுங்க" என்றான். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரியின் பொருள் இதுதான்:-

"பொருத்தப்பட்ட நினைவு 8.00 ஜி.பி. (பயன்படுவது 3.46 ஜி.பி.)"

முன்னால் 8 என்று தெளிவாகவே இருந்தது. அது எங்கள் கண்ணில் படவில்லை. கோபம் வந்தால் கண் பாதிதான் பார்க்கும் போலிருக்கிறது!

கதவு எண்

சரி. 8 இருக்கும்போது 3.46 மட்டும் ஏன் பயன்பட வேண்டும்?

பையன் அடுத்த வரியைக் காட்டினான். "32 பிட்" என்று இருந்தது. காரணம் அதுதான்.

ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்த் தபால்காரருக்கு 4 இலக்கம் வரைதான் எண் படிக்கத் தெரியும். அப்படியானால், 9999-ம் நம்பர் வீடு வரைதான் அவர் கடிதம் கொடுப்பார். அதற்கு அப்பால் ஆயிரம் வீடு புதிதாகக் கட்டினாலும், அவருக்கு அவை இல்லாத வீடுகளே! வீடு இருக்கிறது. ஆனால், கடிதம் போகாது.

32 பிட் விண்டோசும் அப்படித்தான். அது போடக்கூடிய கதவு எண்கள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. கேட்பதற்குப் பெரிய எண். ஆனால், கம்ப்யூட்டர் கணக்கில் அது வெறும் 4 ஜி.பி.தான்.

அந்த 4 ஜி.பி.யும் முழுதாக ரேமுக்குக் கிடைக்காது. படம் காட்டும் பகுதி, நெட் இணைப்புப் பகுதி போன்றவைகளுக்கும் அதே வரிசையில்தான் எண் கொடுக்க வேண்டும். அவை போக, ரேமுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் 3 முதல் 3.5 ஜி.பி. வரைதான். என் வீட்டில் மிஞ்சியது 3.46.

அதாவது, புது ரேம் போடுவதற்கு முன்பும் என் கம்ப்யூட்டர் ஏறக்குறைய அதே அளவைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தது. நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்காத குறை என்னுடையது. திட்டு வாங்கியவன் அவன்!

என்ன செய்தான் பையன்? மகளின் பாடங்களை எல்லாம் வேறு ஒரு டிஸ்க்கில் பத்திரப்படுத்தினான். 64 பிட் விண்டோசைப் புதிதாகப் போட்டான். மேலே வைத்து மாற்ற முடியாது. துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும். ஆகவே, பாடங்களை முதலில் பத்திரப்படுத்துவது மிகவும் அவசியம்.

அன்று மாலை, அதே வரியைப் படித்தோம். 8.00 ஜி.பி. பயன்படுவது 7.88 ஜி.பி. கணக்கும் கடிதமும் ஒன்றாக ஓடின. மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அதே கடைக்குப் போனேன். வாடிக்கைக்காரர்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். "தவறு என்னுடையது. தம்பி நாணயமான பையன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "பரவாயில்லை சார்" என்றான். ஆனால், என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

முதல் சோதனை

இதில் இருந்து நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

ரேம் குறைவாகக் காட்டினால், "யார் எடுத்தது?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் குறைகிறது?" என்று கேளுங்கள்.

கம்ப்யூட்டரில் 2 கணக்குப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவர் பெயர் பயாஸ். இவர் மதர்போர்டிலேயே குடியிருக்கிறார். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் விழித்து, ரேமை எண்ணுகிறார். இன்னொருவர் விண்டோஸ். இவர் பிறகு வந்து, கிடைத்ததை வாங்கிக்கொள்கிறார்.

2 பேரின் கணக்கையும் ஒத்துப் பாருங்கள். அதிலேயே பாதி உண்மை வெளியாகிவிடும்.

கம்ப்யூட்டரைப் போட்ட உடனே, "டெலீட்" அல்லது "எஃப் 2" பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் பயாஸ் திரை வந்துவிடும். அதில் ரேம் எவ்வளவு என்று இருக்கும். பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். மாற்றம் எதுவும் செய்யாமல் வெளியே வந்துவிடுங்கள்.

பயாஸ் 8 என்று சொல்கிறது. விண்டோஸ் மட்டும் குறைத்துச் சொல்கிறது. அப்படியானால் பெரும்பாலும் ரேம் நல்லது. உடனே பெட்டியைத் திறக்க வேண்டாம். கோளாறு பெரும்பாலும் விண்டோசில், அல்லது ஏதோ ஒரு அமைப்பில் இருக்கும்.

பயாசே 4 என்றுதான் சொல்கிறது. அப்படியானால் ரேம், ஸ்லாட், மதர்போர்டு - இந்த மூன்றில் ஒன்றைப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் குறைத்தால்...

முதலில் "32 பிட்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். என் வீட்டுக் கதை அதுதான்.

64 பிட் ஆக இருந்தும் குறைகிறதா? விண்டோசின் எந்த வகை என்று பாருங்கள். பழைய விண்டோஸ் 7-ல் "ஹோம் பேசிக்" என்று ஒரு வகை உண்டு. அது 64 பிட் ஆக இருந்தாலும் 8 ஜி.பி.க்கு மேல் எடுத்துக்கொள்ளாது. 16 போட்டாலும் 8 வீண்தான். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு உதவி 2020-ம் ஆண்டு ஜனவரி மாதமே நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான உதவியும் 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. 2021-ம் ஆண்டு வந்த விண்டோஸ் 11-ல் 32 பிட் என்பதே கிடையாது. ஆகவே, பழையதற்கு ரேம் வாங்கும் முன், கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்தது, "எம்எஸ்கான்ஃபிக்" என்ற அமைப்பு. அதில் "அதிகபட்ச நினைவு" என்று ஒரு கட்டம் உண்டு. யாராவது வேகம் கூடும் என்று நினைத்து அதில் டிக் போட்டிருப்பார்கள். அந்த டிக்கே பூட்டு! எடுத்துவிட்டு, மறுபடியும் கம்ப்யூட்டரைப் போட்டால் சரியாகிவிடும்.

சில பழைய மதர்போர்டுகளில் பயாசுக்குள் "மெமரி ரீமேப்" என்று ஒரு வரி இருக்கும். அது அணைந்திருந்தால், 64 பிட் விண்டோசும் 3 ஜி.பி. சொச்சத்தோடு நின்றுவிடும். அதைத் திறந்துவிட வேண்டும். தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

கொஞ்சம் மட்டும் குறைகிறதா? 8-ல் 7.88, அல்லது 7.5? பயப்படாதீர்கள். தனியாகக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில், படம் காட்டும் பகுதி ரேமில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். வாடகை வீட்டில் ஓர் அறையை வீட்டுக்காரர் பூட்டி வைத்துக்கொள்வது போல! அது திருட்டு அல்ல, ஏற்பாடு.

பயாசே குறைத்தால்...

இப்போது பெட்டியைத் திறக்க வேண்டும். அதற்கு முன்பு, சில எச்சரிக்கைகள்.

கம்ப்யூட்டரை அணையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே உருவி விடுங்கள். பிறகு, கம்ப்யூட்டரின் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் இருக்கும் மின்சாரம் போய்விடும். பெட்டியின் இரும்பை ஒரு முறை தொடுங்கள். உங்கள் உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் இறங்கிவிடும். அந்தச் சிறு மின்சாரம் நமக்குத் தெரியாது. ஆனால், ரேமைக் கொன்றுவிடும்.

மின்சாரம் வரும் இரும்புப் பெட்டி ஒன்று உள்ளே இருக்கும். அதை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் அதில் ஆபத்து உண்டு.

இப்போது, ரேமின் 2 ஓரத்திலும் உள்ள கொக்கியை விலக்குங்கள். ரேமை மேலே தூக்குங்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும். கீழே தங்க நிறத்தில் பற்கள் தெரியும். அவற்றில் விரல் படக் கூடாது.

அந்தப் பற்களில் அழுக்குப் படிந்திருக்கலாம். நம் ஊர் மெக்கானிக்குகள், பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்ப்பார்கள். தேய்த்த தூள் கொஞ்சமும் இல்லாமல், காய்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். தூள் ஸ்லாட்டுக்குள் போனால், அதுவே புதுக் கோளாறு.

மறுபடியும் செருகும்போது, ரேமில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் நேராக இருக்க வேண்டும். 2 ஓரத்திலும் அழுத்துங்கள். "டிக்" என்று கொக்கி தானாக மூட வேண்டும். பாதி உட்கார்ந்த ரேம், உட்காராத ரேமே! ரேம் காணாமல் போனால், இந்த எளிய காரணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்படியும் தெரியவில்லையா? ஒரு ரேமை மட்டும் போட்டுப் பாருங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு, மற்றதை அதே ஸ்லாட்டில் போடுங்கள். ஒரு ரேம் எந்த ஸ்லாட்டிலும் தெரியவில்லை என்றால், குறை அந்த ரேமில். எந்த ரேமைப் போட்டாலும் ஒரு ஸ்லாட் மட்டும் பேசவில்லை என்றால், குறை அந்த ஸ்லாட் பக்கம். இதற்கு நிபுணர் வேண்டாம். ஒரு காகிதமும் பென்சிலும் போதும். எதை எங்கே போட்டீர்கள், என்ன காட்டியது என்று எழுதிக்கொண்டே வாருங்கள்.

ஸ்லாட் பேசாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்போதைய கம்ப்யூட்டர்களில் ரேமோடு பேசுவது பிராசசரே. பல மதர்போர்டுகளில், பிராசசர் உட்காரும் இடத்தில் மயிர் போன்ற மெல்லிய கம்பிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அதில் ஒன்று வளைந்தாலும், ஒரு பக்கத்து ரேம் மறைந்துவிடலாம். இது கை தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. நாம் தொடக் கூடாது.

வாங்கும் முன்

சில நேரம் ரேமிலும் குறை இல்லை. ஸ்லாட்டிலும் குறை இல்லை. மதர்போர்டால் அவ்வளவுதான் முடியும்!

கால் படியில் அரைப் படி அரிசி கொள்ளுமா? இன்டெலின் ஜி 31 என்ற பழைய வகை மதர்போர்டு, 4 ஜி.பி. வரைதான் கொள்ளும். ஜி 41 என்றால் 8 வரை. எச் 61 என்றால் 16 வரை. 2 ஸ்லாட்டிலும் எட்டு எட்டு. அதற்கு மேல் ஒரே ரேமாக 16 வாங்கிச் செருகினால், பணம் தண்டம்.

ரேமிலும் ஜாதி உண்டு. டி.டி.ஆர். 2, 3, 4, 5 என்று தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. ஒன்றின் வெட்டு ஒரு இடத்தில். மற்றதன் வெட்டு வேறு இடத்தில். மாற்றிச் செருக முடியாது. பலமாக அழுத்தினால் உடைந்துவிடும். பெரிய சர்வர் எந்திரங்களில் இருந்து கழற்றிய ரேம், சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. சில வகை நம் ஸ்லாட்டில் உட்கார்ந்தும் விடும். ஆனால், வீட்டுக் கம்ப்யூட்டரில் வேலை செய்யாது. மலிவு என்று வாங்கிவிட்டு, எந்திரத்தைத் திட்டிப் பயன் இல்லை.

ஆகவே, மதர்போர்டில் எழுதியிருக்கும் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கண்ணாடி இல்லாமல் மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனாலும் போகலாம். இந்த எண் இல்லாமல் ரேம் வாங்கப் போகக் கூடாது!

அந்தக் காலத்தில்

கம்ப்யூட்டர் தானாக எண்ணிக்கொள்ளும் என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படி இருந்ததில்லை.

ஐ.பி.எம். நிறுவனத்தின் முதல் "பெர்சனல் கம்ப்யூட்டர்" 1981-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி வெளிவந்தது. அதில் மிகச் சிறிய வகையில் இருந்த நினைவு வெறும் 16 கே.பி. இன்று நம் வீட்டில் உள்ள 8 ஜி.பி., அதைப்போல் 5 லட்சத்து 24 ஆயிரத்து 288 மடங்கு!

அந்த கம்ப்யூட்டருக்குத் தன்னிடம் எவ்வளவு நினைவு இருக்கிறது என்று தானாகத் தெரியாது. உள்ளே குட்டிக் குட்டி சுவிட்சுகள் இருக்கும். நினைவைக் கூட்டினால், மனிதன்தான் அந்தச் சுவிட்சுகளைத் தள்ளி, "உன்னிடம் இவ்வளவு இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். தவறாகத் தள்ளினால், இருக்கும் நினைவும் இல்லை ஆகிவிடும்.

இப்போது ஒவ்வொரு ரேமிலும் ஒரு தனிச் சில்லு இருக்கிறது. "நான் இன்ன ஜாதி, என் அளவு இவ்வளவு, என் வேகம் இவ்வளவு" என்று அதில் எழுதியிருக்கும். ரேமின் ஜாதகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரைப் போட்டதும் பயாஸ் அதைப் படிக்கிறது. அதனால்தான் நமக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால், எந்திரம் எண்ணுகிறது என்பதற்காக, மனிதன் எண்ணுவதை விட்டுவிடலாமா?

ஏமாற்றுகிறவர்கள் இல்லையா?

"நீ சொல்வது சரி. ஆனால், உண்மையிலேயே ரேமை மாற்றி எடுக்கிறவர்கள் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம்.

உண்டு. எந்தத் தொழிலில் இல்லை? பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர் இல்லையா? எடையில் கை வைக்கிறவர் இல்லையா?

அதற்கு வழி சந்தேகம் அல்ல. கணக்கு!

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்பே, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரேம் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு, மேலே ஒட்டியுள்ள சீட்டில் என்ன எண் என்று குறியுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. திரும்பி வந்ததும் ஒத்துப் பாருங்கள். இப்படிச் செய்தால் நாணயம் இல்லாதவன் அஞ்சுவான். நாணயம் உள்ளவன் மகிழ்வான். கணக்கு 2 பேரையும் காக்கும். சந்தேகமோ, நல்லவனை மட்டும்தான் சுடும். கெட்டவனுக்கு அது பழகிப்போய்விட்டது.

கடைக்காரர்களுக்கு

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

எனக்கு ரேம் விற்ற கடைக்காரர், "உங்கள் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இந்தக் கதையே நடந்திருக்காது. கேட்கவில்லை. ஆனால், பழி யார் தலையில் விழுந்தது? சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பையன் தலையில்!

ரேம் விற்கும் முன்பு, 3 கேள்வி கேளுங்கள். எந்த மதர்போர்டு? எத்தனை பிட் விண்டோஸ்? இப்போது எவ்வளவு இருக்கிறது?

போட்ட பிறகு, வாடிக்கைக்காரர் கண் முன்னால் கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டுங்கள். காட்டிய பிறகு பணம் வாங்குங்கள். கரண்டு இல்லையா? வந்த பிறகு வாருங்கள். கழற்றிய பழைய ரேமை, கேட்காமலே கையில் கொடுங்கள். பில்லில் ரேமின் வகையையும் அளவையும் எழுதுங்கள். பையனை நாலு பேர் முன்னிலையில் முறைக்கும் முன்பு, பெட்டியைத் திறந்து பாருங்கள். அவனுக்காக நீங்கள் பேசாவிட்டால், வேறு யார் பேசுவார்கள்?

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறீர்கள். நல்லது. ஓடாத பழைய பெட்டி ஒன்றை வகுப்பில் திறந்து காட்டுங்கள். இது ரேம், இது ஸ்லாட், இது மதர்போர்டு என்று பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். நெல்லைப் பார்க்காமல் விவசாயம் படிக்க முடியுமா?

ஒரு வரி போதும்

தாய்மார்களே! பெரியவர்களே! "எங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

கியாஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டு வாங்குகிறோம். ரேஷன் கடையில் சர்க்கரையை எடை பார்த்து வாங்குகிறோம். மின்சார மீட்டரில் ஓடும் எண்ணைப் படிக்கிறோம். கம்ப்யூட்டரிலும் ஒரு வரி படித்தால் போதும். இருப்பது எவ்வளவு? பயன்படுவது எவ்வளவு? இந்த 2 எண்ணும் தெரிந்தால், உங்களை யாரும் ஏமாற்ற முடியாது. நீங்களும் யாரையும் வீணாகப் பழிக்க மாட்டீர்கள்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். கம்ப்யூட்டர் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே சொன்னார்கள். நான் திரையில் பாதி வரியைக் கண்டேன். அது பொய் ஆயிற்று. தீர விசாரித்தது, என்னிடம் திட்டு வாங்கிய பையன்.

அந்தக் கம்ப்யூட்டர் அதற்குப் பிறகும் சில காலம் ஓடியது. மகள் பரீட்சையில் தேறினாள். எந்திரம் தன் முழு நினைவையும் கண்டுபிடித்துக்கொண்டது.

காணாமல் போனது ரேம் அல்ல. என் நிதானம்!

ரேம் காணவில்லை என்றால், முதலில் முழு வரியையும் படியுங்கள். பிறகு பயாசைப் பாருங்கள். பிறகு பெட்டியைத் திறங்கள். வாயைக் கடைசியில் திறந்தால் போதும்!